ஹமீதா பானுவின் மணி

இந்த அறை மின்விசிறியில் பேரிங் போயிருக்கிறது, மேடம். பழுது பெரிதில்லை. ஓர் ஏணியும் அரைமணி நேரமும் இருந்தால் நானே சரிசெய்து தந்துவிடுவேன். நீங்கள் கேட்டது அதுவல்ல என்று தெரியும். தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். பேசச் சொன்னால் நான் ஊரைச் சுற்றி வருவேன். எழுதச் சொன்னால் ஓரளவு நேராக வந்துவிடுவேன்.

என் பெயர் சலாஹுதீன். வயது ஐம்பத்தெட்டு. புதுமடத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் இருபத்துநான்கு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அமுக்கினால் ஓடிப்போய்த் திறந்துவிடுவது என் வேலை. கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. எந்த நாட்டுக்காரராக இருக்கட்டும், எவ்வளவு பெரிய ஆளாக இருக்கட்டும், அந்த அரை நிமிடத்துக்கு அவர்களுக்கு என்னைவிட வேண்டியவர் உலகத்தில் கிடையாது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள்.

என் மனைவி காலிதா இறந்து ஆறு வருடம் ஆகிறது. விடுப்பில் வந்த மாதங்களை எல்லாம் கூட்டினால் நாங்கள் சேர்ந்திருந்தது மூன்று வருடம் வராது. பிள்ளை இல்லை. நிரந்தரமாக ஊர் திரும்பிய ஐந்தாம் மாதம் அவள் போய்விட்டாள். அதன்பின் எனக்குத் தனிமையாக இருந்தது. இதற்கு வேறு அழகான சொல் தேட வேண்டியதில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் நான் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்கக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. எனக்கு அந்தத் தம்ளர் மேலேயே சில நாள் கோபம் வரும்.

எங்கள் தெருக்களில் வீடுகள் பெரிதாக இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. மகன் கத்தாரில், மருமகன் துபாயில். வீட்டில் ஒற்றை ஆளாக ஒரு பெண்மணியோ ஒரு பெரியவரோ இருப்பார்கள். திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் யார் ஓடுவது என்ற கவலை பிள்ளைகளுக்கு. அவர்களுக்காகத்தான் அந்த மணியைச் செய்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பதக்கம். அதன் நடுவில் ஒரு பட்டன், பக்கத்தில் மிளகளவு சிவப்பு விளக்கு. பட்டனை அமுக்கினால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குப் பதக்கத்திலிருந்து ரேடியோவில் தகவல் போகும். பெட்டி உடனே வெளிச்சுவரில் இருக்கும் சைரனை அடிக்கும். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரு மெசேஜ் அனுப்பும். பதினொரு வீடுகளில் மாட்டினேன். பத்து வீடுகளில் இன்றைக்கும் பிசகில்லாமல் வேலை செய்கிறது. நீங்கள் விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பதக்கத்துக்குள் இருப்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். பேரீச்சங்கொட்டையில் பாதிகூட இராது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

அதன் பெரிய குணம் தூக்கம். வேலை இல்லாதபோது தனக்குள் இருப்பதை எல்லாம் அணைத்துவிட்டுப் படுத்துவிடும். அப்போது அது குடிக்கும் மின்சாரம் இல்லை என்றே சொல்லலாம். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு பேட்டரியில் இரண்டு வருடம் கிடக்கும். அதை எழுப்ப இரண்டு வழி. ஒன்று, வெளியிலிருந்து அதன் கம்பிக் கால்களில் ஒன்றைத் தொடுவது. பட்டனை அமுக்கும்போது நடப்பது அதுதான். இன்டரப்ட் என்போம். எவ்வளவு ஆழ்ந்த தூக்கமாக இருந்தாலும் இன்டரப்ட் வந்தால் சட்டென்று எழுந்துவிடும். மற்றொன்று, அதற்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னக் கடிகாரம். வாட்ச்டாக் என்று அதற்குப் பெயர். யாரும் தொடாமலே எட்டு வினாடிக்கு ஒருமுறை அது சிப்பைத் தட்டி எழுப்பும். நான் செய்த பதக்கங்களில் அந்தக் கடிகாரத்தை நிறுத்தியே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

ஹமீதா பானுவின் வீடு என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வயது ஐம்பத்தைந்து, கணவர் இல்லை, ஒரே மகன் அம்மார் தோஹாவில். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். சில சமயம் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். பத்து வருடம் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரில் யார் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் அச்சுக்குப் போகுமுன் அவர் கைக்கு வரும். பிழை பார்த்துக் கொடுப்பார். கொடுக்கும்போது நாலு வார்த்தை கிண்டலும் சேர்த்துக் கொடுப்பார். மாப்பிள்ளையின் பட்டத்தை மணமகள் பேருக்கு முன்னால் போட்டுக் கொண்டுவந்தவரிடம், "இந்தப் பிள்ளைய எப்ப படிக்க வச்சீக, நேத்தா?" என்று கேட்டது ஊர் முழுக்கத் தெரியும்.

அம்மார் போனில் கேட்டு அங்கே மணி மாட்டினேன். அவனுடைய பெரிய வாப்பா, அதாவது தகப்பனாரின் அண்ணன் சீனி முகம்மது, பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருப்பவர், அன்று கூடவே நின்றார். சாவி ஒன்றை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மணி அடிச்சா ஓடு. நானே ஓந்தோளத் தட்டி அனுப்புவேன். அடிக்காம அந்தப் படியேறாத. தனிச்ச பொம்பள இருக்கற வீடு. ஏன் போறான்னு தெருவுக்குத் தெரியணும்."

நியாயமான பேச்சு. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சைரனை வெளிச்சுவரில் மாட்டச் சொன்னவரும் அவர்தான். பிறகு எல்லா வீட்டுக்கும் அப்படியே மாட்டினேன்.

மாட்டிய மூன்றாம் வாரம், அஸர் தொழுகை முடிந்த மாலை நேரம், முதல்முறை அடித்தது. ஓடினேன். ஹமீதா பானு வியர்த்து ஊற்ற, சோபாவில் சாய்ந்திருந்தார். சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். தம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் கண்ணில் தெளிவு வந்தது. அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டீகளா நானா? சீனி எறங்கிருச்சு, அம்புட்டுத்தான். இருங்க, சுலைமானி டீ போடுறேன். ஓடி வந்தவுகள வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

எங்கள் பக்கம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு உம்மு ஹபீபாவும் வந்துவிட்டார். வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, மூன்று பேரும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு பத்திரிகையில் இருந்த தப்பை வாசித்துக் காட்டினார். நான் தம்மாமில் அரபி பேசத் தெரியாமல் பட்ட பாட்டைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு யாராவது சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக வரவில்லை.

அதன்பின் மூன்று மாதம் மணி அடிக்கவில்லை. அவர் உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டார். நல்ல விஷயம்தான். நான் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற வீடுகளிலிருந்து மணி வரும். போவேன், செய்வேன், வருவேன். அங்கெல்லாம் யாரும் உட்காரச் சொல்வதில்லை.

நான்காம் மாதம் பேட்டரி பார்க்க வேண்டும் என்று உம்மு ஹபீபாவிடம் சொல்லி அனுப்பி, பதக்கத்தைக் கடைக்கு வாங்கிக்கொண்டேன். ஆறு ஊசி உள்ள ஒரு கிளிப்பைச் சிப்பின் மேல் வைத்தால் பழைய புரோகிராம் அழிந்து புதியது ஏறும். டீ ஆறும் நேரம்கூட ஆகாது. வாட்ச்டாக் கடிகாரத்தை ஓடவிட்டேன். எட்டு வினாடிக்கு ஒருமுறை எழுந்து, ஒன்று கூட்டிவிட்டு, மறுபடி தூங்கும். ஒரு நாளைக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. அப்படி ஐந்து நாளோ ஏழு நாளோ எண்ணி முடித்ததும், பட்டனை யாரோ அமுக்கியதுபோல ரேடியோவை அனுப்பும். மாலை டீ நேரத்துக்கு வருமாறு கணக்கு வைத்தேன். அந்தக் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை. முன்னே பின்னே ஆகும். அதனால் பார்ப்பதற்கு இன்னும் உண்மையாகவே இருந்தது. கடைசியில் பூட்டைப் போட்டேன். அந்தப் பூட்டைப் போட்டபின் உள்ளே எழுதியிருப்பதை எவராலும் வாசிக்க முடியாது. அழிக்கத்தான் முடியும். ராமநாதபுரத்துக் கடைக்காரர்கள் நகல் எடுக்கக் கூடாது என்று எல்லாப் பதக்கத்திலும் போடுவதுதான், இதற்கென்று விசேஷமாகச் செய்யவில்லை.

முதல் தடவை நான் போய் நின்றபோது அவர் பத்திரிகையும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் அமுக்கலையே நானா."

"கை பட்டிருக்கும் தங்கச்சி. பரவாயில்ல."

"பட்டிருக்கும் போல. சரி, வந்தது வந்தீக. உக்காருங்க."

அவ்வளவுதான். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அவரும் தனியாக இருப்பவர்தானே. நான் போனால் அவர் முகம் மலரும் என்பது என் கற்பனை இல்லை. உம்மு ஹபீபாவே கேலி செய்திருக்கிறார், மணி அடித்தால்தான் இந்த வீட்டில் பிஸ்கட் டின் திறக்கிறது என்று.

இரண்டு மாதம் கழிந்தபின் அவர் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தார். படித்தவர், சும்மா விட மாட்டார். பதக்கத்தில் கோளாறா என்று கேட்டார். கழற்றிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் கோளாறு என்னிடம்தான் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்தேன். பதக்கத்தைத் தொட்டால் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்தில் தினமும் எழுதினார். 'இன்று தொடவில்லை. இன்று தொடவில்லை.' ஒரு வியாழக்கிழமை நான் போனபோது அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். மை இன்னும் காயவில்லை. சுவரில் சைரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிட்டு அமுக்குனேனா, அமுக்கிட்டு எழுதுனேனா? சொல்லுங்க நானா. எனக்குத் தெரியல."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நோட்டைக் கிழித்துப் போட்டார். அன்று டீ போடவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அதன்பின் வீட்டில் துண்டுச்சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தார். அடுப்படிக் கதவில் 'கேஸ் அணைத்தாயிற்றா', குளிர்சாதனப் பெட்டியில் 'ஊசி போட்டாயிற்று, மறுபடி போடாதே'. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் ஞாபக மறதிக்கு மாத்திரை கொடுத்தார். யாரோ கொண்டுவந்த பத்திரிகையை வாசிக்காமலே திருப்பி அனுப்பினார். "என் கண்ணுமேல எனக்கே நம்பிக்கை இல்ல, இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்துல வெளையாடக் கூடாது" என்றார். அந்தச் சமயத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் துணை அதிகம் தேவைப்பட்டது, மேடம். அப்போது போய் எப்படி நிறுத்துவது?

நிறுத்த வைத்தது அம்மார்தான். ஒருநாள் மத்தியானம் போன் செய்தான்.

"மாமா, அஞ்சு மாசத்துல இருபத்தாறு மெசேஜ் வந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இங்கன எனக்கு உசுரு போயி உசுரு வருது. உம்மாவ இனிமே தனியா விட முடியாது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாரேன். இன்னும் நாப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் மணி அடிக்காம இருந்தா உம்மா அங்கனயே இருக்கட்டும். அடிச்சுச்சுன்னா கையோட தோஹாவுக்குக் கூட்டிட்டு வந்துருவேன். பெரிய வாப்பாட்டயும் சொல்லிட்டேன்."

மறுநாள் மணி அடித்தது, நான் வைத்த கணக்குப்படி. போனேன். ஹமீதா பானுவின் கண் சிவந்திருந்தது. மகன் அவரிடமும் பேசியிருக்கிறான்; இந்த ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை, இனி ஒன்று அடித்தால் தோஹாதான் என்று.

"அவன் வீடு பதினோராவது மாடி நானா. காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவான். அங்கன நான் யார் மூஞ்சியப் பாக்க? எனக்கு இந்த ஊரு வேணும். ஒரு உபகாரம் செய்யுங்க. தெரியாம கை பட்டா இந்த மணி அடிக்கக் கூடாது. தெரிஞ்சு அமுக்குனா மட்டும் அடிக்கட்டும். அப்படிச் செய்ய முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். பதக்கத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: மாற்றச் சொன்னது அவர்தான். அவர் கேட்டது எனக்குச் சுலபம். நான் சேர்த்த வரிகளை எடுத்துவிட்டால் போதும். கடைக்குப் போனதும் எடுத்துவிட்டேன். பிறகு கொஞ்சம் யோசித்தேன்.

இருபத்தாறில் இரண்டு அவரே அமுக்கியவை, சர்க்கரை இறங்கியபோது. ஐந்து மாதத்தில் இரண்டு என்றால் நாற்பது நாளில் ஒன்றாவது வரலாம். வந்தால் அம்மார் அது நிஜமா பொய்யா என்று பார்க்கப் போவதில்லை. ஒரு மெசேஜ் போதும், அவர் போய்விடுவார். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சீனி முகம்மதுவிடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நான் அந்தத் தெரு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போய் வருவேன், அவ்வளவுதான் எனக்கு மிஞ்சும்.

அதனால் புரோகிராமை இப்படி மாற்றினேன். பட்டனை அமுக்கினால் சிப் எழுந்துகொள்ளும். சிவப்பு விளக்கை எரிய விடும். ரேடியோவைத் தொடாது. மறுபடி தூங்கிவிடும். நாற்பது நாளைக்கு மட்டும். பெருநாள் கழிந்து அம்மார் விமானம் ஏறியதும் பழையபடி மாற்றிவிடுவதாக இருந்தேன். பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று வினாடி சேர்ந்தாற்போல அமுக்கினால்தான் இனி அடிக்கும் என்றேன். சோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அம்மாருக்கு மெசேஜ் போய்விடும் என்றேன். "வெளக்கு எரிஞ்சா நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு வச்சுக்கங்க தங்கச்சி" என்று சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு நிம்மதி. அன்று பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

இன்னொன்றும் சேர்த்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிப்புக்குள் மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அங்கே ஒன்றைக் கூட்டி வைக்கச் சொன்னேன். என்னால் போக முடியாத அழைப்புகள். அவை எத்தனை என்றாவது எனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பட்டனை அமுக்கியபடி பேட்டரியைப் போட்டால் எண்ணிக்கைக்குத் தக்கபடி விளக்கு சிமிட்டும்.

இருபதாம் நாள், பேட்டரியைப் பார்க்கிறேன் என்று வாங்கி, உம்மு ஹபீபா வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன். சிமிட்டவே இல்லை. ஒருமுறைகூட அவர் கூப்பிடவில்லை. மணி அடங்கிவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மறதி போய்விட்டதாம், மாத்திரை வேலை செய்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. அதை மறைப்பானேன்.

இருபத்துமூன்றாம் நாள் ஏர்வாடி சந்தனக்கூடு. மத்தியானத் தொழுகை முடிந்ததும் தெருவில் வேன்கள் வந்து நின்றன. பெண்களில் பெரும்பாலோர் ஏறிக்கொண்டார்கள். இரவு தர்காவில் தங்கி, சந்தனக்கூடு பார்த்து, மறுநாள்தான் திரும்புவார்கள். வேன்கள் என் கடையைத் தாண்டித்தான் போயின. ஹமீதா பானு எதிலாவது இருக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. முழங்கால் வலி என்று அவர் போகாமல் இருந்துவிட்டது எனக்குத் தெரியாது.

தினமும் மாலை அந்த வீட்டைத் தாண்டி ஒரு நடை போவேன். நாற்பது நாளும் அப்படிப் பார்த்துக்கொள்வதாகத்தான் எனக்கு நானே சொல்லியிருந்தேன். அன்று போனபோது முன்விளக்கு எரியவில்லை. ஏர்வாடிக்குப் போய்விட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனம் சுணங்கியது. போனை எடுத்துப் பார்த்தேன். மெசேஜ் ஒன்றும் இல்லை. வராது என்று எனக்குத் தெரியும், பழக்கத்தில் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்த உம்மு ஹபீபா, கதவு உள்ளே பூட்டியிருப்பதைப் பார்த்துப் பின்பக்கம் போயிருக்கிறார். ஹமீதா பானு கிணற்றடியில் கிடந்தார். முந்தின நாள் மாலை துணி எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. போன் உள்ளே மேசையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நீங்களும் எழுதி வைத்திருப்பீர்கள்: உயிர் போனது விடிந்தபிறகுதான், மாலையிலேயே கொண்டுவந்திருந்தால் எழுந்து நடந்திருப்பார்.

அம்மார் அன்றிரவே வந்து சேர்ந்தான். என் தோளில் சாய்ந்து அழுதான். அப்புறம் கேட்டான்.

"மணி அடிக்கலையா மாமா?"

"அடிக்கலப்பா. அமுக்கணும்னு மறந்திருப்பாங்க."

அதில் முதலில் சொன்னது உண்மை. அடுத்துச் சொன்னதற்காக நான் வருந்துகிறேன்.

மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் உம்மு ஹபீபாவும் ஒருவர். குளிப்பாட்டும்போது பதக்கத்தைக் கழற்றி, உங்கள் சாமான் என்று என்னிடமே கொடுத்து அனுப்பினார். ஆனால் அவர் வேறொன்றையும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதக் கூடியிருந்தபோது, எல்லோருக்கும் நடுவில் என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "மறந்தவ கட்டவெரலா அது? தோலு உரிஞ்சு, நகம் கறுத்துக் கெடந்துச்சு. எதப் போட்டு அம்புட்டு நேரம் அமுக்குனா அவ?"

அம்மார் என்னைப் பார்த்தான். சீனி முகம்மது எழுந்து நின்றார். அங்கிருந்துதான் இந்த விஷயம் உங்களிடம் வந்தது.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். சைரனையும் அம்மாரின் எண்ணையும் மட்டும் நிறுத்திவிட்டு, மெசேஜ் உனக்கு மட்டும் வரும்படி வைத்திருக்கலாமே என்றீர்கள். இயந்திரம் படித்தவர்போலக் கேட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. வைத்திருக்கலாம். ஆனால் சைரன் அடிக்காமல் நான் அந்தப் படியேற முடியாது. தெரு கேட்கும். வேறு யாரையாவதுதான் அனுப்ப வேண்டும். அன்று உம்மு ஹபீபா ஊரில் இல்லாவிட்டாலும் சீனி முகம்மது வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒரு போன் செய்தால் ஓடியிருப்பார்கள். அப்படி ஒரு வழி இருப்பது புரோகிராம் எழுதிய அன்றே எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்துவிட்டு அழித்தேன். அவர் மணியை அமுக்கி, வேறு யாரோ போய் நின்று, அவர் கண் திறந்து அவர்களைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அந்த வீட்டுக்குள் அவர் உயிரோடு இருக்கவும், அவருக்கு என்னைத் தவிர ஆள் இல்லாமல் இருக்கவும் செய்தேன், முதலாவது தவறிவிட்டது. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பதக்கத்தை இந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பரிசோதனைக்கு அனுப்பும்போது பூட்டை உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் வழக்குக்காகச் சொல்லவில்லை. அதில் எண்ணிக்கை இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பார்த்தேன். விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது, நிற்கவில்லை. பாதியில் கணக்கு விட்டுப்போய், பேட்டரியைக் கழற்றிப் போட்டு முதலிலிருந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினேழு.

அவர் கூப்பிட்டது அம்மாரை இல்லை, உம்மு ஹபீபாவை இல்லை, மேடம். விளக்கு எரிந்தால் வருவது யார் என்று அவருக்குத் தெரியும். என் ஆயுளில் என்னை யாரும் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை.